வலது ஓடு

எனக்குப் பெண் பார்த்தபோது என் அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"பொண்ணோட அம்மாவும் வேலைக்குப் போறாங்களாமே. என்ன வேலை?"

"மியூசியத்துலப்பா. சிப்பி செக்‌ஷன்."

"சிப்பி விக்கறாங்களா?"

"விக்கறதில்ல. கடல்லேருந்து வர்ற சிப்பியைப் பாத்து, இது இன்ன இனம்னு பிரிச்சு வைப்பாங்க."

அப்பா தாடையைச் சொறிந்துகொண்டார். "எல்லாத்தையும் பிரிச்சு முடிச்சுட்டா அப்புறம் என்ன பண்ணுவாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். கிராமத்து வீட்டுச் சுவரில் என் பட்டமளிப்புப் படம் காலண்டரை ஓரங்கட்டிவிட்டு நடுவில் தொங்குகிறது. அப்படிப்பட்டவன் வீட்டில் தெரியாது என்று சொல்லலாமா? "முடியவே முடியாதுப்பா, அதுபாட்டுக்கு வந்துகிட்டே இருக்கும்" என்று அடித்துவிட்டேன். பிற்பாடு பார்த்தால், நான் அடித்துவிட்டதுதான் சரி.

என் மாமனாரின் அந்த வீடு இப்போது எங்களிடம் இல்லை. சாவி செய்கிறவர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது போன்ற ஒல்லியான மாடி வீடு. முன்னறை மாமாவின் பட்டறை. மாமா பல் செட் செய்பவர். டாக்டர்கள் வாய் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து மாமா செட் செய்து கொடுப்பார். வாசலில் கால் வைத்ததுமே அலமாரி நிறைய வெள்ளைத் தாடைகள் வாயைத் திறந்துகொண்டு வரவேற்கும். முதல் தடவை போனபோது ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றுவிட்டேன்.

"பயப்படாதீங்க மாப்பிள்ளை. இதுல எதுவும் கடிக்காது. கடிக்கறது உள்ள இருக்கு" என்றார் மாமா.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "கேட்டுது."

அதுதான் அத்தை. குள்ளமான உருவம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. ஸ்பிரிட்டில் நனைந்து நனைந்து காய்ந்துபோன விரல்கள். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் ஓரத்தைப் பிடித்து வாங்கி, முதலில் மேல்பக்கம், பிறகு கீழ்ப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். பிஸ்கட்டாக இருந்தாலும் சரி, எங்கள் கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் சரி. என்னையும் அப்படித்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பின்பக்கம் பார்ப்பதற்காகவே, "அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்க தம்பி" என்று என்னை எழுப்பிவிட்டதாக என் மனைவி பிற்பாடு சொன்னாள்.

என் மனைவியை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளியில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில் இல்லாமல் அவளைப் பார்ப்பது அபூர்வம். கல்யாணம் பேசி முடித்த அன்றே அவள் என்னிடம் சொன்ன முதல் பெருமை, "கடல்ல என் பேர்ல ஒரு சிப்பி இருக்கு, தெரியுமா?" என்பதுதான்.

தெரியாது. ஆனால் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அதை என் பெருமையாக ஆக்கிக்கொண்டேன். எனக்கு வேலை, கடலுக்கடியில் போகும் கேபிள்களைப் பராமரிக்கிற கம்பெனியின் துறைமுக யார்டில். அங்கே ஸ்டோர் கீப்பர் முதல் கிரேன் ஓட்டுபவர் வரை எல்லோரிடமும் சொன்னேன். எனக்கு 'சிப்பி மாப்பிள்ளை' என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது. என் அம்மா ஊரிலிருந்து போனில் கேட்டாள்: "உம் பொண்டாட்டி சிப்பியில முத்து இருக்குமாடா?"

"அது சுண்டுவிரல் நகத்துல பாதிதாம்மா இருக்கும்."

"அப்ப சின்ன முத்தா இருக்கும்" என்று அம்மா முடித்துவிட்டாள்.

அந்தச் சிப்பியை நான் நேரில் பார்த்தது கல்யாணமான புதிதில். மியூசியத்தின் பின்கட்டில், சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்த ஜன்னலோடு ஒரு நீள அறை. இரண்டு பக்கமும் ஆளுயர மர அலமாரிகள், எல்லாம் ஒரு சாண்கூட உயரமில்லாத இழுப்பறைகள். நாப்தலீன் வாசனை மூக்கில் ஏறும். ஒரு இழுப்பறையை அத்தை தாலாட்டுகிற மாதிரி மெல்ல இழுத்தார். உள்ளே சின்னச் சின்ன அட்டைத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் பஞ்சு, கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு ஓடு, பக்கத்தில் ஒரு சீட்டு.

"இதுதான் பாப்பா" என்றார்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். விசிறிச் சிப்பி. கடற்கரையில் கிடைக்கும் விசிறி போன்ற சிப்பியையே நகத்தளவுக்குச் சுருக்கி, கண்ணாடியில் ஊதி எடுத்த மாதிரி இருந்தது. கீழே விரித்திருந்த வெள்ளைத் தாளின் நார்கூட அதன் வழியாகத் தெரிந்தது. குளத்தில் கல் போட்டால் விரியுமே, அதுபோல அடுக்கடுக்காக வளையங்கள்.

"இதை எப்படி அத்தை வேற இனம்னு கண்டுபிடிச்சீங்க?"

அவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "காது பாக்கணும் மாப்பிள்ளை. மேல ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. ஒரு காதுக்குக் கீழ சின்ன வெட்டு தெரியுதா? அந்த வழியாத்தான் நார் மாதிரி ஒரு நூலை வெளிய விட்டு எதையாவது பிடிச்சுக்கும். அந்த வெட்டு வலது ஓட்டுலதான் இருக்கும். அப்ப இது வலது ஓடு. அடுத்து உள்பக்கம். விலா எலும்பு மாதிரி வரி இருந்தா அது ஒரு கூட்டம். இதுல இல்ல. அப்புறம் மேல்பக்கத்து வேலைப்பாடு. விசிறி மடிப்பா, வளையமா, ரெண்டும் கலந்ததா? கடைசியில அகலம், உயரம். இவ்வளவும் பாத்து, இதுவரைக்கும் பேர் வச்ச எதோடயும் சேரலைன்னா, அது புதுசு."

"இடது ஓடு?"

"அது கிடைக்கல" என்றார். "கட்டுரை எழுதினப்பவே, இடது ஓடு கிடைக்கவில்லைன்னு போட்டுத்தான் எழுதினேன்."

அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சிப்பி வந்த கதையை மாமா எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லியிருக்கிறார். அத்தை வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று ஆழ்கடலிலிருந்து சேறு அள்ளிவந்தது. டின் டின்னாகச் சேறு. அதை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த சல்லடைகளில் கொட்டிக் கழுவினார்கள். மேல் சல்லடையில் நின்ற பெரிய ஓடுகளைச் செக்‌ஷன் தலைவர் எடுத்துக்கொண்டார். கீழே விழுந்த பொடியை, "நீ பாரும்மா, உனக்குத்தான் பொறுமை இருக்கு" என்று அத்தை பக்கம் தள்ளிவிட்டார். அப்போது பாப்பா வயிற்றில். வயிறு மேசையில் இடிக்காமல் ஒருக்களித்து உட்கார்ந்து, இரண்டு முடி மட்டும் விட்டு மீதியைக் கத்தரித்த ஓவிய பிரஷ்ஷால், அத்தை அந்தப் பொடியை ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாகப் பார்த்து முடித்தார். அதில் கிடைத்தவைதான் அந்தக் கண்ணாடி ஓடுகள்.

"கட்டுரை அச்சாகி வந்துடுச்சு, குழந்தை வரல" என்பார் மாமா. "அதுக்கு ஆசையா ஒரு பேரு வச்சுட்டா. அப்புறம் இவ பொறந்தா. மேடம் சொல்றாங்க, பேருதான் ரெடியா இருக்கே, அதையே வச்சுடலாம்னு. சிப்பிக்கு வச்சு மிச்சம் இருந்த பேருதான் மாப்பிள்ளை உங்க பொண்டாட்டிக்கு."

"அப்பா!" என்று விசில் ஊதுவாள் என் மனைவி. அவளுக்கு அது கோபமே இல்லை. அவள் பள்ளியிலும் பிள்ளைகள் அவளைச் சிப்பி டீச்சர் என்றுதான் சொல்வார்கள்.

அத்தை பிற்பாடு எத்தனையோ சிப்பிகளைப் பிரித்து வைத்தார். எல்லாம் பிறர் பெயர் வைத்தவை. அவர் புதிதாகப் பெயர் வைத்தது அந்த ஒன்றுக்குத்தான்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

அத்தை ஓய்வு பெறப்போகிற வருஷம் அது. எங்கள் ரிப்பேர் கப்பல், பழுதான ஒரு கேபிள் துண்டை ஆழத்திலிருந்து வெட்டி எடுத்து யார்டுக்குக் கொண்டுவந்தது. வழக்கமாக வந்த உடனே தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவார்கள். நான் போனபோது ஹோஸ் பைப் தயாராக இருந்தது. ஈரச் சாக்கை விலக்கிப் பார்த்தேன். கேபிள் மேல் பாசியும் புழுக்கூடும் என்னென்னவோ ஒட்டியிருந்தன. நடுவில் ஒரு இடத்தில் ஏதோ மினுங்கியது.

"ஒரு நிமிஷம் நில்லுப்பா" என்று ஹோஸ்காரரை நிறுத்தினேன். "இதுல ஒரு முழம் எனக்கு வேணும்."

"எதுக்கு சார்?"

"மாமியாருக்கு."

அவர் பைப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அத்தைக்குப் போன் செய்தேன். "கழுவாதீங்க, சுரண்டாதீங்க, அப்படியே ஸ்பிரிட்ல போடுங்க" என்றார். அனுமதி வாங்கி, அறுத்து, பிளாஸ்டிக் வாளியில் ஸ்பிரிட் ஊற்றி, அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கும் வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். எனக்கு அதிலும் பெருமைதான். மற்றவன் மாமியாருக்கு ஆழ்கடலையா கொண்டுபோகிறான்?

மாமாவின் மேசை விளக்கை இரவல் வாங்கி, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, பல் சுரண்டும் ஊசியோடு அத்தை உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "இது புழுவோட வீடு. இது பவளப்பூச்சி. இது நத்தை முட்டை." பாப்பா மாடிப்படியில் உட்கார்ந்து அடுத்த வாரப் போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். மாமா யாருடைய கீழ்த்தாடைக்கோ மெருகு போட்டுக்கொண்டிருந்தார்.

திடீரென்று அத்தையின் பேச்சு நின்றது.

"மாப்பிள்ளை, அந்தக் கதவைச் சாத்துங்க. காத்து வருது."

சாத்தினேன். அவர் லென்சைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு கேபிளை இம்மி இம்மியாகத் திருப்பி, மறுபக்கத்திலிருந்து பார்த்தார். மேல்பக்கம். கீழ்ப்பக்கம்.

"என்ன அத்தை?"

"ரெண்டும் ஒட்டியே இருக்கு" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

எனக்குப் புரியவில்லை. "நல்லதுதானே?"

"ரொம்ப நல்லது மாப்பிள்ளை. இவ்வளவு ஆழத்துலேருந்து இது முழுசா கிடைச்சதே இல்ல. உதிரி ஓடாத்தான் வரும்." சொல்லிவிட்டு மாடிப்படியைப் பார்த்தார். பாப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தாள். அத்தை வாளியை மூடி, மறுநாள் தானே மியூசியத்துக்கு எடுத்துப் போனார்.

அந்த வாரம் முழுக்க அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்று மாமா போனில் முறையிட்டார். அடுத்த ஞாயிறு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்து, தட்டுகளை எடுப்பதற்கு முன்னால், அத்தை தண்ணீர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"பாப்பா, உன் சிப்பி இல்லடி."

"இல்லன்னா? தொலஞ்சு போச்சா?"

"இருக்கு. ஆனா அது தனி இனம் இல்ல. ஏற்கெனவே பேர் வச்ச ஒரு சிப்பியோட வலது ஓடு."

மெதுவாக விளக்கினார். நூறு வருஷத்துக்கு முன்னால் எவரோ தூர தேசத்தில் ஒரு விசிறிச் சிப்பிக்குப் பெயர் வைத்திருந்தார். விசிறி மடிப்பும் முள்ளுமாக இருக்கும் இடது ஓட்டைப் பார்த்து வைத்த பெயர். அவருக்கு வலது ஓடு கிடைக்கவில்லை. அதே இடது ஓடுகள்தான் அன்றைக்கு மேல் சல்லடையிலும் நின்றன. தலைவர் அவற்றைப் பழைய இனம் என்று சரியாகவே கண்டுகொண்டு தன் தட்டில் வைத்தார். இந்தச் சிப்பியின் வலது ஓடு, இடது ஓட்டைவிடச் சின்னது, மெல்லியது. அதில் மடிப்பும் கிடையாது, வளையம்தான். அது சல்லடைக் கண் வழியாக நழுவி, கீழே அத்தையிடம் வந்து சேர்ந்தது. ஒரே உயிரின் இரண்டு கதவுகளை ஒரு சல்லடை இரண்டு மேசைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது. கேபிளில் இருந்ததில் இரண்டும் ஒட்டியபடியே இருந்தன. மேலே மடிப்பு. கீழே வளையம்.

"அப்ப அந்த ஆளு வலதைக் காணோம்னு எழுதி வச்சிருக்கான், நீ இடதைக் காணோம்னு எழுதி வச்சிருக்கே" என்றார் மாமா. "ரெண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷன்ல பக்கத்துப் பக்கத்து பெஞ்சுலதான் உக்காந்திருந்திருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"அந்தத் தலைவர் அப்பவே அவர் தட்டைக் காட்டியிருந்தா..." என்று நான் ஆரம்பித்தேன்.

"காட்டினார்" என்றார் அத்தை. "நான்தான் அளந்து பாத்துட்டு, அளவு சேரல, வேலைப்பாடு சேரலைன்னு தள்ளி வச்சேன். குட்டி இடது ஓடுகூட என் பொடியிலேயே இருந்துது. அதை, அவர் இனத்தோட குஞ்சுன்னு எழுதித் தனியா வச்சுட்டேன். ரெண்டும் ஒண்ணா இருக்குமோன்னு தோணாம இல்ல. தோணுச்சு. ஆனா வயித்துல இவ இருந்தா. ஒரு பேரு வைக்கணும்னு ஆசையா இருந்துது."

"சரி, இப்ப என்ன?" என்றாள் பாப்பா.

"ஒரே உயிருக்கு ரெண்டு பேர் இருந்தா, முதல்ல அச்சான பேருதான் நிக்கும். உன் பேரு நிக்காது. அதை நான் எழுதப் போறேன்."

"எழுது. எங்கிட்ட எதுக்கும்மா கேக்கற?"

"கேக்கல. சொல்றேன்."

மாமா நாற்காலியை முன்னே இழுத்தார். "ஏங்க மேடம், உலகத்துலயே இந்தப் பொடிச் சிப்பியைப் பாக்கறவங்க ஒரு கை விரலுக்குள்ள அடங்கிடுவாங்க. அதுல ரெண்டு பேருக்குக் கண்ணு தெரியாது. ரிட்டயர் ஆகற நேரத்துல இது தேவையா? அந்த ஜோடி இருக்கற பாட்டிலைக் கொஞ்சம் உள்ள தள்ளி வச்சா யாரு கேக்கப் போறாங்க?"

"மேல் செட்டும் கீழ் செட்டும் கடி சேராம என்னைக்காவது யாருக்காவது குடுத்து அனுப்பியிருக்கீங்களா?"

"அது எப்படிக் குடுப்பேன்?"

"அப்புறம்?"

மாமா எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

பஸ் ஸ்டாப் வரை என் மனைவி எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். பஸ் வந்தபோது சொன்னாள்: "உங்களை யாரு கேபிளைத் தூக்கிட்டு வரச் சொன்னா? மத்த வீட்டு மாப்பிள்ளைங்க பழம் வாங்கிட்டுப் போவாங்க."

அவள் கோபத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் தலைமை ஆசிரியை புதிதாக யார் வந்தாலும் அவளை அந்தச் சிப்பியோடு சேர்த்துத்தான் அறிமுகப்படுத்துவார். சின்ன வயதில் உடம்பு சரியில்லாமல் படுத்தால் அத்தை சொல்வாராம், "உனக்கென்னடி, நீ கடலுக்கடியில நல்லாத்தான் இருக்கே" என்று. அம்மா வேலை வேலை என்று மியூசியத்திலேயே கிடந்த காலத்தில், அங்கே ஒரு இழுப்பறையில் தானும் இருக்கிறோம் என்பது அவளுக்கு ஒரு தெம்பாக இருந்திருக்கிறது. இதெல்லாம் அவள் சொல்லி நான் தெரிந்துகொண்டதில்லை. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில், "அப்போ இத்தனை நாளா நான் யாரோ ஒருத்தரோட பாதி" என்றாள். அவ்வளவுதான்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு மட்டும்தான் அந்த வீட்டில் சாப்பாடு. பாப்பாவுக்கு வாராவாரம் ஏதாவது ஒரு மேட்ச் இருந்தது. அத்தை கேட்க மாட்டார். ஆனால் தட்டு எப்போதும் ஒன்று கூடுதலாகவே எடுத்து வைக்கப்படும். மாமா அதை ஓசைப்படாமல் திரும்ப அடுக்கில் வைப்பார்.

அத்தை கட்டுரை எழுதினார். படங்களையும் தானே வரைந்தார், இரண்டு ஓடுகளும் சேரும் மூட்டு, காது, வெட்டு, எல்லாம். மாமா ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "கீழ்ப்பல்லை மட்டும் வச்சுக்கிட்டு ஒரு ஆளுக்கே பேர் வச்சிருக்கே நீ" என்றார். அத்தை முதல்முறையாகச் சிரித்தார். கட்டுரை போயிற்று, அச்சாகியும் வந்தது. உலகம் மூச்சு விடவில்லை.

ஒரு வேலை மட்டும் பாக்கி. தட்டில் இருக்கும் சீட்டு. இது இன்ன இனம் என்று மாற்றிச் சொன்னால், தட்டில் புதுச் சீட்டு வைக்க வேண்டும். ஓய்வு பெறும் நாள் நெருங்கியும் அத்தை அதை எழுதவில்லை. நான் எப்போது கேட்டாலும், "எழுதணும், எழுதணும்" என்பார். கடைசியில் ஒரு நாள் யார்டுக்குப் போன் வந்தது.

"மாப்பிள்ளை, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு மியூசியத்துக்கு வாங்க. நான் கூப்பிட்டா வரமாட்டா."

"நான் கூப்பிட்டா மட்டும் வந்துடுவாளா அத்தை?"

"கேபிள் வாளியைத் தூக்கிட்டு வரத் தெரிஞ்சவருக்கு இது தெரியாதா?"

என்ன பொய் சொல்லிக் கூட்டிப்போனேன் என்பது இங்கே வேண்டாம். பள்ளி முடிந்து, ட்ராக் சூட்டும் விசிலுமாக வந்தாள். நீள அறையில் யாரும் இல்லை. அத்தையின் மேசை பாதி காலியாகியிருந்தது. இழுப்பறையை அத்தை இழுத்து, தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்தார். அதன் பக்கத்தில் தலைவரின் தட்டு. அப்புறம் என் கேபிளிலிருந்து வந்த ஜோடி.

"பாரு."

பாப்பா நின்றபடியே குனிந்தாள். பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். முதலில் தன்னுடையது. அடுத்து மற்றது. கடைசியில் ஜோடி. விசிலின் கயிறு மேசையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"மேல இருக்கறது பெருசா இருக்கு" என்றாள்.

"ஆமா. இது வலது பக்கம் கீழ வச்சுத்தான் படுக்கும். உன்னுது கீழ இருக்கறது. தரையில படற பக்கம்."

பாப்பா தன் தட்டிலிருந்த சீட்டை எடுத்தாள். பழுப்பேறிய சின்னக் காகிதம். கறுப்பு மையில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அவள் பிறப்பதற்கு முன் எழுதிய அவள் பெயர்.

"இதைக் கிழிச்சுடுவியா?"

அத்தைக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. "என்ன பேசற? சீட்டைக் கிழிக்கவே கூடாது. எந்தத் தட்டுலயும் பழைய சீட்டை எடுக்க மாட்டோம். தப்பா இருந்தாலும் எடுக்க மாட்டோம். புதுசு எழுதி அதுக்கு மேல வைப்போம். பழசு கீழ இருக்கும். யார் யார் என்ன நெனச்சாங்கன்னு அடுத்தவனுக்குத் தெரியணும்ல."

"அடியில கிடக்கறதை யாரும்மா பாக்கப் போறாங்க?"

"பாக்கறவங்க பாப்பாங்க."

அத்தை வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்தார். பேனாவைத் திறந்தார். நுனி காகிதத்துக்கு மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"குடு" என்றாள் பாப்பா.

"நீ எதுக்கு..."

"குடும்மா. ஸ்பெல்லிங் மட்டும் சொல்லு."

அத்தை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார், நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பெயரை. பாப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பாதியிலேயே காகிதம் தீர்ந்துவிட்டது.

"இது ஸ்கோர் போர்டு இல்லடி" என்றார் அத்தை.

இன்னொரு சீட்டு. இந்த முறை எறும்பு அளவுக்கு வந்தது. கீழே, இனம் பார்த்துச் சொன்னவர் பெயர் எழுதும் இடத்தில் நிறுத்தினாள். "இங்க?"

"என் பேரு. பாத்தது நான்தானே. வலது ஓடுன்னும் போடு."

எழுதினாள். மை காயும்வரை ஊதினாள். தன் பெயர்ச் சீட்டைத் தட்டில் வைத்து, அதன்மேல் புதியதை வைத்தாள். பிறகு தலைவரின் தட்டைக் காட்டி, "இது மட்டும் ஏன் இன்னும் தனியா இருக்கு? ரெண்டும் ஒரே சேறுதானே?" என்று கேட்டாள். அத்தை இழுப்பறையில் பக்கத்து இடத்தைக் காலி செய்தார். தட்டை வைத்தது பாப்பாதான். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டைக் கடக்கும்போது, "ஞாயித்துக்கிழமை என்ன சமையல்?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

மாமா போய்விட்டார். வீட்டை விற்றோம், முன்னறைத் தாடைகளை மட்டும் யாரும் வாங்கவில்லை. இரண்டை நான் எடுத்துவந்து என் மேசையில் வைத்திருக்கிறேன். அத்தை இப்போது எங்களோடு இருக்கிறார். கண் மங்கிவிட்டது. பிஸ்கட்டை விரலால் தடவி மேல்பக்கம் கீழ்ப்பக்கம் பார்க்கிறார். அந்த ஒல்லி வீட்டின் ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால், ஸ்பிரிட் வாசனையும் மாமாவின் மெருகு போடும் மெஷின் சத்தமும் சேர்ந்தே வருகின்றன. அந்தச் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகியதால்தானோ என்னவோ, நாங்கள் எல்லோரும் இன்னும் உரக்கவே பேசுகிறோம்.

மியூசியம் புதுக் கட்டடத்துக்கு மாறியதும், போன மாதம் பாப்பா தன் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனாள். கூட்டத்தைச் சமாளிக்க நானும் போனேன். மர அலமாரிகள் போய் எல்லாம் இரும்பு. பிள்ளைகளை முன்கூடத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். இரண்டு தட்டுகளும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தன.

பாப்பா சீட்டுகளை எடுத்தாள். இரண்டு இருக்க வேண்டும். மூன்று இருந்தன. மேலே புதிதாக ஒன்று. எங்களுக்குத் தெரியாத கையெழுத்து, தெரியாத பெயர். நூறு வருஷத்துப் பழைய பெயரையே எழுதி, 'வலது ஓடு' என்று போட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தது: முந்தைய சீட்டுகள் இரண்டையும் பார்த்தேன், சரி.

இரண்டையும். பாப்பா அந்த வரியை விரலால் தொடாமல் தொட்டுக்கொண்டு நின்றாள். பிறகு அங்கேயே வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, யாரோ பாத்திருக்காங்கம்மா. அடியில இருக்கறதையும் பாத்திருக்காங்க."

அத்தையின் குரல், எனக்கும் கேட்கும் அளவுக்கு உரக்க வந்தது.

"ஓட்டு மேல வெள்ளையா பொடி ஏதாவது படிஞ்சிருக்கா பாரு, படிஞ்சா ஓடு அரிக்குதுன்னு அர்த்தம். இல்லையா? அப்ப சரி. தட்டை ஆட்டாம வை. இழுப்பறையை மெதுவா சாத்து."

பாப்பா மெதுவாகச் சாத்தினாள்.